பன்னிரண்டாம் அத்தியாயத்து மாமியார்

"உங்க நாவல்ல எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு சுகிர்தா. அந்த சூப்பர்வைசருக்குக்கூட இருக்கு. மாமியாருக்கு மட்டும்தான் இல்லை. அவங்க கெட்டவங்க, அதனால கெட்டது செய்றாங்க. அவ்வளவுதான்."

கைபேசியில் நந்தினியின் குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது. சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் எடிட்டர். ஓராண்டாக இருவரும் நாவலைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பதினோரு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. கடைசியான பன்னிரண்டாவதில் வண்டி நின்றுவிட்டது.

"நெஜமாவே அப்படித்தான் நடந்துச்சி," என்றாள் சுகிர்தா.

"நடந்துச்சுங்கறது எனக்குப் போதாது. மருமகளோட அப்பா சாகக் கிடக்கறார்னு காலையில மாமியாருக்கு போன் வருது. அவங்க கம்பெனிக்குச் சொல்லி அனுப்பலை. சாயங்காலம் மருமக வந்ததும் சோறு போட்டு, சாப்பிட்டு முடிச்ச பிறகு, அப்பா போயிட்டார்னு சொல்றாங்க. நடுவுல அந்தப் பகல் முழுக்க என்ன செஞ்சாங்க? எழுதின உங்களுக்கே தெரியலை. அது தெரியாம நான் இதை அச்சுக்கு அனுப்ப மாட்டேன்."

சுகிர்தா, "பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கான வயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கைபேசியை கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் பொதட்டூர்பேட்டையில் இருந்த அவள் வீட்டார் அவசரத்துக்கு மாமியாரின் எண்ணைத்தான் வைத்திருந்தார்கள். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அன்று காலையிலேயே தெரிந்திருந்தால் அவரை உயிரோடு பார்த்திருப்பாள். இதை அவள் மாமியாரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பதிலாக ஒரு நாவலே எழுதிவிட்டாள்.

அந்த வாரம் கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் தட்டிக்கொண்டே இருந்தாள். மாமியார் மறந்துவிட்டாள் என்று ஒரு தடவை எழுதினாள். சம்பந்தி வீட்டோடு பழைய பகை என்று இன்னொரு தடவை. மாமியாரின் அப்பா சாவுக்கும் யாரோ அவளைப் போகவிடவில்லை, அந்த வன்மம் என்று ஒரு தடவை. இந்த மூன்றாவது அவளுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. மூன்றையும் அனுப்பியபோது நந்தினி ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: "இதெல்லாம் நீங்கள் யோசித்தது. அவர்கள் செய்தது எது?"

சனிக்கிழமை ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மனம் ஒட்டவில்லை. பாதிரியார் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. புருஷன் தாவீது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டூட்டிக்குப் போயிருந்தான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். மாமியார் ஆரோக்கியமேரி பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, காலையிலேர்ந்து பூனையாட்டம் சுத்திக்கினு இருக்க? உக்காரு, இல்ல போ. பேஜாரா கீது."

சுகிர்தா உட்கார்ந்தாள். கேட்டுவிட்டாள்.

"எங்கப்பா செத்த அன்னிக்கி ஏன் அத்தே எனக்குச் சொல்லி அனுப்பல?"

செதில் சுரண்டும் சத்தம் நிற்கவில்லை. ஒரு மீன் முடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். சுகிர்தா எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது ஆரோக்கியமேரி பேசினாள்.

"யாரு சொன்னா அனுப்பலன்னு? நானே வந்தேன்."

"எங்க?"

"உங் கம்பெனி கேட்டாண்ட. போன் வந்ததும் ஆட்டோ புட்சிக்கினு வந்தேன். வாட்ச்மேன் பேரு கேட்டான். சுகிர்தா, பர்மனென்ட்டுன்னேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, அப்படி யாரும் இல்லம்மான்னான். நா வுடுவனா? எம் மருமவ இங்கதான் வேல செய்யறா, சரியா பாருடான்னு கத்துனேன். அப்பால அவன் மெதுவா கேட்டான். காண்ட்ராக்டாம்மா, எந்த காண்ட்ராக்டர் பேர்ல வராங்கன்னு."

கல்யாணப் பேச்சின்போது தரகர், பெண் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார். அது பொய் என்று கல்யாணம் ஆன மாதமே தாவீதுக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவன்தான் சொன்னான். கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்கள் ஆபீஸ் கணக்கில் வருவதில்லை. காண்ட்ராக்டர் பெயர் தெரிந்தால்தான் உள்ளே ஆளைத் தேடுவார்கள். அந்தப் பெயர் மாமியாருக்கு எப்படித் தெரியும்?

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. தாவீதுக்குப் போட்டேன், டூட்டில எடுக்கல. நின்னுகினு இருந்தேன். மத்தியானம் மறுபடியும் போன் வந்துச்சி, முடிஞ்சிபோச்சின்னு. இனிமே யாருக்குச் சொல்ல? ஊட்டுக்கு வந்து சோறு வடிச்சேன். வெறும் வயித்தோட பொதட்டூர்பேட்ட வரிக்கும் அழுதுகினே போனா வழியிலயே வுழுந்துடுவ."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ காண்ட்ராக்ட்டுன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு ஆவும். அதுக்கப்பறம் நீ எம் மூஞ்சிய எப்பிடி பாப்ப?"

மீனைக் கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டு அவள் எழுந்தாள். வாசற்படியில் திரும்பி நின்றாள்.

"அந்த புக்குல எழுதத்தான கேக்கற? நம்ம தெருவுல படிப்பாங்களா அத?"

"படிப்பாங்க."

"அப்பொ பர்மனென்ட்டுன்னே போடு."

சுகிர்தா அன்று சாப்பிடவில்லை. மீன் குழம்பு ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை அதட்டல் வந்தது. கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கும் ஒரு பெண்ணை எழுதினாள். காண்ட்ராக்ட் என்றுதான் எழுதினாள். வேறு வழியில்லை, அதுதான் கதவையே அடைத்தது. மற்றதெல்லாம் தானாக வந்தது. கடைசியில் அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த இடத்தில் சுகிர்தாவும் அழுதாள். அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நந்தினி கூப்பிட்டாள்.

"இப்ப இந்த அத்தியாயம் தன் கால்ல நிக்குது. ஆனா..."

"முன்னாடி பதினொண்ணும் நிக்காது," என்றாள் சுகிர்தா. "மொதல் பக்கத்துலேர்ந்து அவங்க மேல கோவத்துலயே எழுதியிருக்கேன்."

"ஆமா. இந்த வருஷம் புத்தகம் வராது. பரவாயில்லையா?"

புத்தகம் வருகிறது என்று சுகிர்தா கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பொதட்டூர்பேட்டையில் அம்மாவிடமும் சொல்லியிருந்தாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "யாரு, அந்த எடிட்டரா? நா கேட்ல அழுதேன்னு கிழுதேன்னு எழுதிவச்சிருக்கப் போற. நா ஒண்ணும் அழுவல."

சுகிர்தா கைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். "அழுவலயா?"

"எதுக்கு அழுவணும்? கோவம். அந்த வாட்ச்மேன் மண்டைய ஒடச்சிருப்பேன்."

"அவன் மேலயா கோவம்?"

உள்ளே கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. சுகிர்தா மறுபடி கைபேசியைக் காதில் வைத்து, "நந்தினி, பன்னிரண்டாவதும் இன்னும் முடியல. நான் அப்பறமா பேசறேன்," என்றாள்.

சமையலறை வாசலில் போய் நின்றாள். ஆரோக்கியமேரி அடுப்பைச் சின்னதாக்கினாள். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உம் மேலதான்," என்றாள். "உக்காரு, சொல்றேன்."