இறக்கிக் கட்டியாச்சு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

2

முதல் தொடக்கம்: 'நாகப்பட்டினத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் போகும் வயர்லெஸ் இணைப்பைத் தனியாளாகக் காப்பாற்றிய பொறியாளர்...'

(அந்தப் பொறியாளர் நான். பொய். வரியை அடித்துவிட்டேன்.)

3

நடந்தது இதுதான். கிராமங்களுக்கு இன்டர்நெட் கொடுப்பது எங்கள் தொழில். மேற்கே ஒரு கிராமத்துக்குப் போகும் இணைப்பு கோடையில் பறக்கும். சம்பா நடவு தொடங்கினால் படுத்துவிடும். மழைதான் காரணம் என்றேன். ஆன்டெனாவை மாற்றினேன், டவரில் இன்னும் ஆறு மீட்டர் ஏற்றிக் கட்டினேன். பன்னிரண்டு வருட அனுபவம். வேகம் இன்னும் குறைந்தது.

சேர்ந்து எட்டு மாதமே ஆன வானதி, விவசாயக் கூலி வீட்டுப் பெண், [இதை ஏன் எழுதினேன்? அவளைச் சிறிதாக்கிக் காட்டத்தான்] மழையே இல்லாத ஒரு நாளில் சொன்னாள்:

"மழை இல்லண்ணே. நடவுக்குத் தண்ணி கட்டியிருக்காங்க. சிக்னல் தண்ணியில பட்டு எழும்பி, நேரா வர்றதோட மோதுது. இறக்கிக் கட்டிப் பாப்போம்."

டவர் வைத்திருப்பவன் எவனாவது இறக்கிக் கட்டுவானா? சிரித்தேன். அவள் எட்டு மீட்டர் இறக்கினாள். அன்றிலிருந்து இணைப்பு அறுபடவில்லை. வேகம் மூன்று மடங்கு.

எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

4

இணைப்பு எப்படிச் சரியானது என்று முதலாளி நல்லக்கண்ணு போனில் விசாரித்தார். சீர்காழி வரை போடப்போகும் புது இணைப்புகளுக்கு யார் பொறுப்பு என்று அன்றுதான் அவர் முடிவு செய்ய வேண்டும். வானதி பக்கத்திலேயே நின்றாள்.

"இறக்கிக் கட்டியாச்சு சார்" என்றேன்.

இந்த 'ஆச்சு' இருக்கிறதே, தமிழில் இதைப் போல வசதி வேறு கிடையாது. பொய்யும் இல்லை, செய்த ஆளும் இல்லை. பொறுப்பு எனக்கு வந்தது.

கேபிளைச் சுருட்டிக்கொண்டே வானதி கேட்டாள்: "ஆச்சுன்னா, யாருண்ணே?"

5

ஒரு முடிவு: உடனே முதலாளியைத் திரும்ப அழைத்து உண்மையைச் சொன்னேன். (உத்தமன் வேஷம் எனக்குப் பொருந்தவில்லை.)

இன்னொன்று: சீர்காழி இணைப்பு படுத்தது, வேறு வழியில்லாமல் அவளை நான்... (இதில் அவள் ஜெயிக்கிறாள். எழுத மனம் வரவில்லை.)

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரவல் பெயர் வேண்டாம். செய்தவர் பெயரைப் போடுங்கள். நானும் ஒரு வரி முயன்றேன். எனக்கு வந்தது இவ்வளவுதான்:

வானதியிடம் மன்னிப்புக் கேட்டாச்சு.