மூன்றாவது பச்சை

நாடா மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே வந்து நின்றது. நாடா சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இறக்கிவிட்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் கோட்டின் மேல்தான். குழந்தைக்கு இதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை உருவ முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நாடா சார் என்பது மையங்களில் அவருக்கு வைத்திருந்த பெயர். குழந்தைகள் உதவித் திட்டம் ஒன்றில் திட்டம் போடுவதும், போட்டது நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. மூன்று நிறம் அச்சடித்த நாடாவைக் குழந்தையின் மேல்கையில் சுற்றினால் போதும், உடம்பில் சதை பிடித்திருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். சிவப்பு ஆபத்து, மஞ்சள் கவனம், பச்சை நிம்மதி. இதைச் சுற்றிச் சுற்றியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டுச் சாவியை மறந்தாலும் மறப்பார், நாடாவை மறக்க மாட்டார் என்பது அவர் மனைவியின் பழைய புகார்.

அவர் உட்கார்ந்திருந்த மையம் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த நீளமான அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் கருகும் வாசனை வரும், மூடினால் புழுங்கும். அதனால் பாதி திறந்து, நடுவில் ஒரு மரக்கட்டையைச் சொருகி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த தையல் ஆலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள்தான் பெரும்பாலும். பால், முட்டை, சத்துமாவு, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் அம்மா வரும்வரை விளையாட்டு. இந்த ராஜ்யத்தை ஆண்டு வந்தவள் பெரியம்மா. குழந்தைகளுக்குப் பெரியம்மா, குழந்தைகளின் அம்மாக்களுக்கும் பெரியம்மா. நாடா சார் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவருக்கும் வேறு பெயர் வாயில் வராது.

பெரியம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. தற்பெருமை கொஞ்சம் உண்டு. குரல் டயர் கடையைத் தாண்டிக் கேட்கும். முட்டை சின்னதாக வந்தால் சப்ளைக்காரனை வாசலிலேயே நிறுத்தி வைத்து மானத்தை வாங்கிவிடுவாள். குழந்தையை இரண்டு நாள் அனுப்பாத அம்மாவை ஆலை கேட்டில் காத்திருந்து பிடிப்பாள். மையத்தை அவளிடம் ஒப்படைத்தபோது அந்த அறையில் பாதிக் குழந்தைகள் மஞ்சள், இரண்டு சிவப்பு. ஒவ்வொன்றாகப் பச்சைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசியாக மிச்சம் இருந்தது இப்போது பேனாவை உருவிக்கொண்டிருக்கும் இந்த ஒன்றுதான். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்ததால் இதற்குத் தமாஷாகப் பயில்வான் என்று பெயர் விழுந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை. இப்போது பயில்வான் என்று கூப்பிட்டால் மார்பை நிமிர்த்திக்கொண்டு வரும்.

போன இரண்டு ஆய்விலும் பயில்வான் மயிரிழையில் பச்சைக்குள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இருமல் வந்து இளைத்துவிட்டது. ஒரு குழந்தைகூட மஞ்சளில் இல்லை என்றால்தான் மையத்துக்குப் பச்சை. இந்த முறையும் பச்சை என்றால் அது மூன்றாவது.

மூன்றாவது பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மூன்று ஆய்வில் தொடர்ந்து பச்சை வாங்கும் மையத்தை மூடிவிட வேண்டும். மூடுவது என்று எழுத மாட்டார்கள், நிறைவு என்று எழுதுவார்கள். அங்கே வரும் பால், முட்டை, மாவு, பொறுப்பாளர் சம்பளம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சிவப்பாக இருக்கும் இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விதியை எழுதியது வேறு யாரும் இல்லை, நாடா சாரேதான். போன வருடத் திட்டக் கூட்டத்தில், குளிரூட்டிய அறையில், வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினார். தேறிய இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் தேறாத இடத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். மையங்களுக்கு இதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது, சொன்னால் வேண்டுமென்றே ஒரு குழந்தையை மஞ்சளில் வைத்துக்கொள்வார்கள் என்று சேர்த்துக்கொண்டதும் அவர்தான். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. அந்த விதியில் மாட்டப்போகும் முதல் மையம் இது என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

நாடாவின் முனையை அவர் விரல் கொஞ்சம் இழுத்தது. வேண்டுமென்றா, தானாகவா என்று பின்னாளில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தார், விடை கிடைக்கவில்லை. இழுத்ததும் மஞ்சள் காட்டியது.

"சார், அமுக்குறீங்க" என்றாள் பெரியம்மா.

"இல்லம்மா, சரியாத்தான்..."

"தோல்ல தொடணும், அமுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. சதை பிதுங்குது பாருங்க. குடுங்க இங்க."

அவர் கொடுத்தார். பெரியம்மா தரையில் உட்கார்ந்து பயில்வானை மடியில் வைத்துக்கொண்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நாடாவைச் சுற்றினாள். அவர் பயிற்சி வகுப்பில் காட்டியபடி, ஒரு பிசகும் இல்லாமல். கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவுக்குப் பச்சை.

"பச்சைதான் சார். ரெண்டு மாசமா இதுகூட மல்லுக்கட்டியிருக்கேன். ஒரு முட்டை திங்க அரை நாள் ஆக்கும் இது. என்னை ஏமாத்தப் பாத்தீங்களே!" என்று சிரித்தாள்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வேறு அலுவலர் யாரும் கூட இல்லை. மஞ்சளாகவே இருக்கட்டும்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அளவில் பொய் எழுதாத மனிதர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயர் மேல் அவருக்குக் கொஞ்சம் ஆசையும் இருந்தது. ஆபீஸில் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பேனாவைப் பயில்வானிடமிருந்து வாங்கிப் பச்சை என்று எழுதினார்.

ஆபீஸில் சரிக்கட்ட முடியவில்லை. மேனேஜருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவர்மேல் மரியாதை உள்ளவள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள். ஒரு குழந்தை இன்னும் விளிம்பில் நிற்கிறது, மாவு நின்றால் கீழே விழுந்துவிடும், இந்த ஒரு மையத்துக்கு மட்டும் இன்னும் ஆறு மாதம் கொடுக்கலாம் என்றார்.

"விளிம்புல நிக்கிற குழந்தை எல்லா மையத்துலயும் இருக்கும் சார். ஒண்ணுக்குக் குடுத்தா மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"விதியே தப்போன்னு தோணுதும்மா."

"இதைப் போன வருஷம் சொல்லியிருந்தா யோசிச்சிருக்கலாம் சார். இப்ப கால்வாய்க்கு அந்தப் பக்கம் புது மையத்துக்கு இடம் பாத்தாச்சு, ஆள் போட்டாச்சு. அங்க எத்தனை சிவப்புன்னு உங்களுக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியும்" என்றாள்.

தெரியும். அங்கே அளந்ததும் அவர்தான். தார்ப்பாயில் கட்டிய குடிசைகளுக்கு நடுவே, கையில் சுற்றிய நாடா வழுக்கி விழும் அளவுக்கு மெலிந்த குழந்தைகள். அழக்கூடத் தெம்பில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியுமா? முடியாது. பெரியம்மாவின் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டுக்கும் போதுமான அளவு இருந்தால் இந்த விதியே வந்திருக்காது. மேனேஜரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். எதற்கு நன்றி என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் வீட்டில் காபியை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி விடவில்லை. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் கிடையாது. தோண்டித் துருவி எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

"பசங்க பாஸ் பண்ணிட்டா அடுத்த கிளாசுக்கு அனுப்புறோம், அது சரி. சாப்பிட்டுத் தேறின புள்ளையை எந்த கிளாசுக்கு அனுப்புவீங்க? நாளைக்கும் அதே வயிறுதானே?"

"அம்மாக்கள் பாத்துப்பாங்கன்னு ஒரு கணக்கு."

"வேலைக்குப் போற அம்மா மத்தியானம் எங்கேருந்து வந்து பாப்பா? சரி, அந்தம்மா காதுல முன்னாடியே போட்டிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு இருக்கு."

"அதை எழுதினது யாரு?"

அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அன்பு அவருக்கு இன்னும் வலித்தது. திட்டியிருந்தால் தேவலை.

மூடுவதைச் சொல்ல ஒரு கடிதம் போதும், நேரில் போக வேண்டியதில்லை என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். தான் செய்ததைத் தபால்காரன் தலையில் கட்ட அவருக்கு மனசு வரவில்லை. பெரியம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்றார்.

"ரிசல்ட்டா சார்? பச்சைதானே?"

"பச்சைதாம்மா. ஆனா..."

"ஏய், நமக்கு மூணாவது தடவையும் பச்சையாம்!" என்று அவள் யாரிடமோ கத்தினாள். பின்னால் ஒரே கூச்சல். "ஹலோ, ஹலோ" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். போன் வைக்கப்பட்டுவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். விரல் எண்ணின் மேலே போய் நின்றது, அழுத்தவில்லை. நேரில்தானே போகிறோம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் அவர் தள்ளிப்போட்ட எல்லாவற்றையும் இப்படித்தான் தள்ளிப்போட்டிருக்கிறார்.

வண்டியில் போகும்போது முழு வழியும், பச்சை என்று சொன்ன பிறகு சொல்ல வேண்டிய அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் யோசித்துக்கொண்டு போனார். வருத்தமான செய்தியும் ஒண்ணு இருக்கு என்று தொடங்கலாம். வேண்டாம், நாடகம் மாதிரி இருக்கும். அடுத்த மாசத்திலிருந்து என்று நேராகப் போய்விடலாம். அதுவும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோல இருந்தது. பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு முதலில் அவளிடம் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தார். அந்த முடிவு டயர் கடை முனைவரைதான் நிலைத்தது.

அறைக்கு வெளியே பெரியவர்களின் செருப்பும் சின்னவர்களின் செருப்பும் கலந்து கிடந்தன. உள்ளே அம்மாக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், ஆலைச் சீருடையோடு. ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் பாதி, அரை நாள் சம்பளத்தை விட்டு வந்தவர்கள் பாதி. தரையைக் கழுவித் துடைத்திருந்தார்கள். அவருக்கென்று டயர் கடையிலிருந்து ஒரு சுழல் நாற்காலி வந்திருந்தது. அதில் அவர் உட்காரவில்லை. பயில்வானின் அம்மா முன்னால் வந்து, "என் மாமியார்கூட இவ பொழைக்க மாட்டான்னு சொன்னாங்க சார்" என்றாள். பயில்வானை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"பெரியம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்" என்றார் மெதுவாக.

"வெளியவா? இவங்க முன்னாடியே சொல்லுங்க சார். நான் சொன்னா பீத்திக்கிறேன்னு சொல்வாங்க. உங்க வாயால கேக்கத்தான் வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க."

"தனியா பேசணும்மா."

"அதுக்கென்ன, அப்புறம் பேசலாம். முதல்ல இது." அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளாத குறைதான். அறை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது.

"இந்த மையத்துல இருக்கிற எல்லாக் குழந்தைங்களும்," என்றார். "எல்லாக் குழந்தைங்களும் பச்சை. மூணாவது தடவையா. இந்த வட்டாரத்துல வேற எந்த மையமும் இதைச் செஞ்சதில்லை. செஞ்சது பெரியம்மாவும் நீங்களும்தான்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

கைதட்டல் எழுந்தது. ஒரு பெண் விரலை வாயில் வைத்து விசிலடித்தாள், பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். குழந்தைகளுக்கு எதற்கென்று தெரியாது, ஆனால் கைதட்டல் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். அம்மாக்கள் நிறுத்திய பிறகும் தட்டினார்கள். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கியது. நாடா சார் அதை நிறுத்தவில்லை. இப்படியே தட்டிக்கொண்டிருக்கட்டும், சாயங்காலம்வரை தட்டட்டும், நான் இப்படியே நின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தார்.

பெரியம்மாதான் கவனித்தாள். அவர் இன்னும் அதே இடத்தில் நிற்பதையும், உதடு அசைவதையும் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தைகள் பக்கம் திரும்பினாள்.

"உஷ்! போதும் போதும். சார் இன்னும் ஏதோ சொல்லணும். கை கட்டுங்க எல்லாரும்."

குழந்தைகள் ஒரே சமயத்தில் கையைக் கட்டின. ஒரு குட்டிக்கு மட்டும் எந்தக் கை மேலே என்று தெரியவில்லை. பெரியம்மா குனிந்து கட்டிவிட்டாள். பிறகு தானும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.