மெக்கானிக் வீட்டு வாசல்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் வீட்டு வாசலில் பழைய மெஷின்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. துருப்பிடித்த டிரம்கள், கழற்றிப் போட்ட மோட்டார்கள், மழைநீர் தேங்கிய தொட்டிகள். அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியதிலிருந்து யாரும் வேலை கொடுப்பதில்லை. ஆனாலும் விடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு மோட்டாரைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். மனைவியின் முகம் மறந்துபோயிருந்தது. அவளை யாரோ நல்ல பெண்மணி என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார்.

பக்கத்து வீட்டு டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வெகுநாள் பொறுத்தாள். மகள் கொசுக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் நகராட்சிக்குப் புகார் எழுதினாள்.

நோட்டீஸோடு வந்த சுகாதார ஆய்வாளர் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புழுக்கள் நெளிந்தன.

"கெடு முடியறதுக்குள்ள எடுத்துடுங்கம்மா. இல்லன்னா நாங்களே ஆள் விட்டு அள்ள வேண்டியிருக்கும். செலவு உங்க வீட்டு வரியில ஏறும்."

"தண்ணிய மட்டும் கொட்டிடறேன் சார். மெஷின் கிடக்கட்டும். அது இல்லன்னா இவருக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் மனைவி.

மெக்கானிக் நிமிர்ந்தார். "சாரோட மெஷினா? நாளைக்கு ரெடியாயிடும்."

ஆய்வாளர் டார்ச்சை அணைத்தார். கெடுவை ஒருமுறை நீட்டிக்கொடுத்தார். அவளும் தினமும் முதுகு ஒடியத் தண்ணீர் இறைத்தாள். அடுத்த மழையில் எல்லாம் மறுபடி நிரம்பியது. அடியில் கிடந்தவற்றை அவளால் அசைக்கக்கூட முடியவில்லை.

ஒருநாள் டீச்சர் வந்து கேட்டருகே நின்றாள். "அக்கா, உங்க மேல கோவமில்ல. புள்ள இன்னும் எழுந்து நடக்கல, அதான்..." திரும்பிப் போனாள்.

அன்றே மெக்கானிக்கின் மனைவி ஆய்வாளருக்குப் போன் செய்தாள். "எடுத்துக்குங்க சார். அவர் கண்ணு முன்னாடி மட்டும் வேணாம்."

ஆட்கள் வரும் நாளில் கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார்.

"எனக்குத்தான்."

"ஒண்ணும் ஆகாது. தைரியமா இருங்கம்மா."

திரும்பியபோது வாசல் மொட்டையாகக் கிடந்தது. தரையெங்கும் பிளீச்சிங் பவுடர். ஆய்வாளர் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவரோ சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களா? ஒரு வேலையும் பாக்கி இல்லையா?"

"இல்லைங்க."

"அப்பாடா!"

ஆய்வாளருக்கும் மூச்சு வந்தது. அவளும் கண்டம் தாண்டிவிட்டதாகவே நினைத்தாள்.

சாயங்காலம் கணவர் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நான் கெளம்பறேன்மா."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். வேலைதான் முடிஞ்சு போச்சே."

"இதாங்க நம்ம வீடு."

ஏதோ வேடிக்கைப் பேச்சைக் கேட்டதுபோல் மரியாதைக்குச் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அவள் கதவைப் பூட்டினாள். "வீட்ல தேடுவாங்கம்மா, விட்டுடுங்க" என்று கதவைத் தட்டித் தட்டி அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. மறுநாளும் அதே கதை.

அதற்குமேல் பூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சாயங்காலமானால் கூடவே நடப்பாள். ஒவ்வொரு கேட்டாக நின்று எட்டிப் பார்ப்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். கால் ஓய்ந்த பிறகு, அந்நியர் வீட்டில் தங்கவருபவர்போல் கூச்சத்தோடு அவள் பின்னால் வருவார்.

ஒருநாள் தெருமுனையில் நின்றுவிட்டார்.

"நீங்க திரும்பிடுங்கம்மா. இப்படி உங்களோட சுத்தறத என் பொண்டாட்டி பாத்தா வீடு ரெண்டாயிடும்."

"அவ்வளவு கோவக்காரியா?"

"கோவமா? அதெல்லாம் சும்மா ஒரு நொடிதான். ஆனா நான் போய்ச் சேர்ற வரைக்கும் சாப்பிட மாட்டா. அப்படியே வாசலைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. பாவம்."

 அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு மதிலோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சற்று நேரம் தயங்கி நின்றார். தெருவை ஒருமுறை பார்த்தார். அழுதுகொண்டிருக்கும் பெண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராமல், கொஞ்சம் தள்ளித் தானும் உட்கார்ந்துகொண்டார்.