சபைத் தலைவரின் பெருவிரல்

கொடியேறிய மூன்றாம் நாள் விடிய, ஊர்க் கோயில் பரிபாலன சபைத் தலைவர் கனகசபாபதியின் வலது கால் பெருவிரல் அவருக்கு எதிராகக் கலகம் செய்தது. படுக்கும்போது சொன்னபடி கேட்ட விரல், விடியும்போது தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்து வீங்கி நெருப்பாய் எரிந்தது. போர்வை பட்டால் உயிர் போனது. மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் போனது. நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் அத்தனை பேரையும் ஒரு கனைப்பில் அடக்குகிற மனிதர், ஒரு விரலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தேர். தலைவர் வெறுங்காலோடு வந்து வடத்தைத் தொட்ட பிறகுதான் ஊர் தொடலாம். அந்தச் சட்டத்தை இயற்றியவரும் தலைவர்தான். இந்த வருடம் அவரால் நிற்க முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வர, செயலாளர் ஜெயசுதன் புது வேட்டியோடு தயாராக இருந்தார்.

திங்கட்கிழமை, மனைவி மகாதேவி அவரைப் பக்கத்துத் திருநெல்வேலிக்கு டொக்டரிடம் கூட்டிப்போனார். டொக்டர் கீர்த்திகா இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, யூரிக் அசிட் கூடியிருக்கிறது, அது மூட்டுக்குள் ஊசி ஊசியாய்ப் படிந்துவிட்டது, இதற்குப் பெயர் கவுட் என்றார். இறைச்சி, ஈரல், நண்டு, இறால், பியர் ஏதும் எடுக்கிறீர்களா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். மகாதேவி பக்கத்தில்தான் இருந்தார்.

"நான் சுத்த சைவம். எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் உது இல்லை" என்றார் கனகசபாபதி.

எவ்வளவு காலமாகச் சைவம் என்று டொக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முந்தநாளிலிருந்து என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். சனிக்கிழமைதோறும் 'சபை அலுவல்' என்று புறப்பட்டு, சாவகச்சேரிப் பக்கம் தன்னைத் தெரியாத ஒரு கடையில் நண்டுக் கறியும் இரண்டு பியரும் முடித்து, மணம் போகக் கையில் தேசிக்காய் தேய்த்துக் கழுவிவிட்டு வருவது அவர் வழக்கம். கொடி ஏறினாலும் சபை அலுவல் நிற்குமா?

டொக்டர் குழம்பிப்போய், பருப்பு வகை பெரிதாக ஒன்றும் செய்யாது, எதற்கும் கொஞ்சம் குறையுங்கள் என்று மாத்திரை எழுதினார். மகாதேவிக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் உழுந்து வடை நின்றது, சாம்பார் நின்றது, கோயில் சுண்டல்கூட நின்றது. செய்யாத குற்றத்துக்கு உழுந்து தண்டனை அனுபவித்தது.

புதன்கிழமை, ரொறன்ரோவில் இருக்கும் மகள் நிவேதனா இணையத்தில் கண்ட ஒரு பக்கத்தை அனுப்பினாள். கவுட்டுக்கு மனமும் காரணமாம். மற்றவரை ஆட்டிப்படைக்கும் குணம், பொறுமையின்மை, மன்னிக்காத கோபம், எல்லாம் மூட்டில் போய்க் குந்திக்கொள்ளுமாம்; மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் நோ இறங்குமாம். முதல் இரண்டையும் கனகசபாபதி அச்சுப்பிழையாகக் கருதி விட்டுவிட்டார். மகாதேவி அவற்றைத்தான் இரண்டுதரம் வாசித்தார். மூன்றாவதைக் கனகசபாபதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோபம் கௌரவமான காரணம். நண்டு அப்படியல்ல.

"அப்ப தம்பியை மன்னிச்சிட்டு வாங்கோ. தேருக்கு முதல் கால் சுகமாகும்" என்றார் மகாதேவி.

தம்பி கனகலிங்கம் அடுத்த வளவு. பதினொரு வருடங்களுக்கு முன், கொடியேறிய வாரத்தில் அவர் வீட்டிலிருந்து வேலி தாண்டி நண்டுக் கறி மணந்தது. அந்த மணத்தை அவ்வளவு துல்லியமாக அறியக்கூடிய மூக்கு ஊரில் ஒன்றுதான் இருந்தது. சபை கூடியது, பெயர் வெட்டப்பட்டது. மச்சம் தின்கிறவன் வடத்தைத் தொடக்கூடாது என்று தலைவர் ஒலிவாங்கியிலேயே அறிவித்தார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை.

வியாழக்கிழமை, வலது காலில் செருப்பில்லாமல், மகாதேவி கூட வர, அவரின் குடையை ஊன்றி, நாற்பது அடி தூரத்தை அவர் கால் மணித்தியாலத்தில் கடந்தார். கனகலிங்கம் ஓடிவந்து கதிரை போட்டார். கால் வைக்க ஒரு முக்காலியும் கொண்டுவந்து, அதன்மேல் தலையணையும் வைத்தார். யாரும் சொல்லாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

"நான் உன்னை மன்னிச்சிட்டன். அந்த நண்டு விசயத்தை மறப்பம்" என்றார் கனகசபாபதி, தீர்மானம் வாசிக்கிற குரலில்.

கனகலிங்கம் தலையணையைச் சரிசெய்தார். அன்றைக்குப் பிறகு இந்த வீட்டு அடுப்பில் மச்சம் ஏறவில்லை என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிறகு குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

"அப்பாவுக்கும் இதே விரல்தான் அண்ணை. அவரும் டொக்டரிட்டைச் சைவம் எண்டுதான் சொன்னவர். ஒளிச்சு ஒளிச்சு இறால் திண்டது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

கனகசபாபதிக்கு வெட்கம் வந்தது. அறுபத்தொரு வயதில், முழு உடம்பும் கூசுகிற வெட்கம். பதினொரு தேரிலும் தம்பி றோட்டோர மதகடியில் தனியே நின்று கும்பிட்டதை அவர் வடத்தைப் பிடித்தபடி பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, காணாதவர் போல இழுத்திருக்கிறார்.

"சனிக்கிழமை நீதான் முதல் வடம் பிடிக்க வேணும்."

"நானோ? ஏன் அண்ணை?"

மகாதேவி பக்கத்தில்தான் நின்றார்.

"நான் சைவமில்லையடா."

சொன்ன கையோடு நோ இறங்கும் என்று ரொறன்ரோப் பக்கம் உறுதி கூறியிருந்தது. விரல் அதை வாசிக்கவில்லை. முன்போலவே எரிந்தது. கனகசபாபதி மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகாதேவி குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பதினொரு வருசமாச் சனிக்கிழமையிலை உங்கடை கையிலை தேசிக்காய் மணக்குது. எனக்கு மூக்கில்லை எண்டு நினைச்சியளோ? எழும்புங்கோ, போய் உழுந்து ஊறப்போட வேணும்."