ஏழாவது பேட்ச்

அழகியநம்பி அண்ணன் என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மீட்டிங்கில் ஆங்கிலம், கேன்டீனில் மலையாளம், என் தலையில் கட்டுவதற்கு மட்டும் தமிழ். அவர் தாத்தா காலத்திலேயே நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வலியசாலைக்கு வந்துவிட்ட குடும்பம். அவர்தான் எங்கள் டீம் லீட். கழக்கூட்டத்தில் நான்காவது மாடியில், பதினோரு பேர் கொண்ட கெர்னல் டீம். கெர்னல் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், உலகம் பூராவும் பலர் பொதுவில் சேர்ந்து எழுதுவது.

அந்த டீமில் கழுத்து அடையாள அட்டையை நீலப் பட்டையில் தொங்கவிட்டவள் நான் ஒருத்திதான். நீலம் என்றால் கான்ட்ராக்ட். மூன்று வருஷமாக ஓர் ஏஜென்சி வழியாக அங்கே வேலை பார்த்தேன். கறுப்புப் பட்டை வாங்கிவிட வேண்டும், அதாவது பெர்மனெண்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை. இந்த மார்ச்சில் நம்பி அண்ணன் ஒரு வேலையைக் கொடுத்து, "இத முடிச்சிக் கொடு மக்களே, கறுப்புப் பட்டைய நான் வாங்கித் தாறேன்" என்றார். தமிழில்தான்.

வேலை இதுதான். கெர்னலில் மெமரி கார்டைப் படிக்கும் எங்கள் டிரைவர் பகுதியில், கார்டில் இருக்கும் தகவலின் ஒரே நீளத்தை ஒரு ஃபங்ஷனிலிருந்து, அதாவது புரோகிராமின் ஒரு துண்டிலிருந்து, இன்னொன்றுக்குக் கைமாற்றிக்கொண்டே போவார்கள். போகிற வழியில் ஒவ்வொருவரும் அந்த எண்ணுக்கு அவரவர் இஷ்டத்துக்கு ஒரு வகையை எழுதி வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் மைனஸும் பிடிக்கும் எண், இன்னோரிடத்தில் மைனஸே பிடிக்காத எண், வேறோரிடத்தில் அதைவிடப் பெரியது. எல்லாவற்றையும் ஒரே வகையாக்க வேண்டும்.

என் அப்பா சொரிமுத்து தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டர், குழம்பும் சட்னியும் அவர் கைதான். அவரிடம் இப்படிச் சொன்னேன்: ஒருத்தர் நாலு என்றால் நாலு படி, அடுத்தவர் நாலு என்றால் நாலு கிலோ, ஆனால் எல்லாரும் வெறும் நாலு என்றே கத்துகிறார்கள். அதைச் சரிபண்ணுவதுதான் வேலை. அப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "இத்தன நாளு குழம்பு எப்டிட்டி ஒழுங்கா வந்துச்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. டீமில் யாரும் அதைக் கேட்கவில்லை.

குழம்பு ஒழுங்காக வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கார்டிலிருந்து நீளத்தைப் படிக்கும் ஃபங்ஷன், படிக்க முடியாவிட்டால் மைனஸ் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். அதை வாங்கிக்கொள்ளும் அடுத்த ஃபங்ஷன், மைனஸாக இருந்தால் வேலையை நிறுத்திவிடும். நான் வகையை மாற்றினால் அங்கே மைனஸ் என்பதே கிடையாது. மைனஸ் ஒன்று நானூற்று இருபத்தொன்பது கோடியாகத் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னதை, நானூற்றுச் சொச்சம் கோடி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு மெஷின் தலைகீழாக விழும். தப்பைப் பிடித்துச் சொல்ல வேண்டிய கம்பைலரும் வாயைத் திறக்காது.

ஆகவே அந்தச் சோதனையை முதலிலேயே, வகை மாறுவதற்கு முன்னால் செய்யும்படி ஒரு பேட்ச், அதாவது கோடில் ஒட்டும் ஒரு திருத்தம், எழுதினேன். மொத்தம் பதினான்கு பேட்ச்சில் அது ஏழாவது. சொல்லப்போனால் அந்தத் தொடரிலேயே மூளையைச் செலவழித்து எழுதியது அது ஒன்றுதான்.

நம்பி அண்ணன் எதையும் எழுத்தில் சொல்ல மாட்டார். சாட்டில் ஒரு 'ஓகே' கூடப் போட மாட்டார். எழுந்து வந்து பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போவார். அன்று சாயா குடிக்கக் கீழே இறங்கும்போது படிக்கட்டில் நிறுத்தினார்.

"மக்களே, அந்த ஏழ எடுத்துரு."

"ஏழு இல்லாம எட்டு போகக் கூடாதுண்ணே. கார்டு ரீட் ஃபெயிலானா ஹேங் ஆயிரும்."

"அறியாம், எனக்குத் தெரியும். ஆனா தொடர் முழுக்க 'நடத்தையில் மாற்றம் இல்லை'ன்னு எழுதிருக்கு, அல்லே? ஏழுல மாற்றம் உண்டு. மாற்றம் உண்டுன்னா போர்டுல வச்சு டெஸ்ட் பண்ணணும், மூணு வாரம். கஸ்டமருக்கு வெள்ளிக்கிழம கொடுக்கணும். ஏழ அப்புறமா தனியா விடலாம், கேட்டியா?"

"அப்புறம்னா எப்பண்ணே?"

"அடுத்த வாரம். ஒன் பெர்மனெண்ட் பேப்பரும் அடுத்த வாரந்தான் மேனேஜர் சுஜாட்ட போகுது."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். தலையை ஆட்டினேன். என்னை யாரும் மிரட்டவில்லை, கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. ஆட்டினது என் தலைதான், இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பதின்மூன்று பேட்ச்சிலும் அடியில் என் கையெழுத்து வரியைப் போட்டு அனுப்பினேன். கெர்னல் உலகத்தில் அந்த வரி சும்மா அலங்காரமில்லை. இது என் வேலை, இதற்கு நான் பொறுப்பு என்று பேர் போட்டுச் சொல்வது.

கெர்னலைப் பராமரிக்கிறவர்கள் தொடரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. ஏழைப் பற்றிக் கேட்டால் "பாக்கலாம்", பேப்பரைப் பற்றிக் கேட்டாலும் "பாக்கலாம்". மே கடைசியில் கஸ்டமரிடமிருந்து புகார் வந்தது. மெமரி கார்டைப் பாதியில் பிடுங்கினால் மெஷின் அப்படியே உறைந்து நிற்கிறதாம்.

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டுவதற்கு எங்களிடம் ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பெயரே பிளேம், பழி. மைனஸ் ஒன்றைத் திருப்பிக் கொடுத்த ஃபங்ஷனை ஏழு வருஷத்துக்கு முன்னால் எழுதியவர் நம்பி அண்ணன். ஆனால் மீட்டிங்கில் பெரிய திரையில் அந்தக் கட்டளையை ஓட்டியபோது, உடைந்த இடத்தைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை இசக்கிசெல்வி, இசக்கிசெல்வி என்று என் பெயரே இருந்தது. ஐம்பது வரியில் ஒரு சொல்லை மாற்றியிருந்தேன். ஐம்பதும் என் வரியாகிவிட்டது.

மேனேஜர் சுஜா மேடம் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். என்னிடம் சாட்சி இருந்தது. ஏழாவது பேட்ச் தேதியோடு என் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. திறந்து காட்டினேன். அனுப்ப வேண்டாம் என்று நம்பி அண்ணன் சொன்னதையும் சொன்னேன்.

மேடம் நிதானமாகப் படித்தார். "நன்னாயிட்டு எழுதிருக்கே. அப்போ ஹேங் ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சிட்டும் பாக்கி பதிமூணுலயும் ஸைன் பண்ணினே. அல்லே?"

கவனிக்காமல் விட்டவள் என்ற பேரோடு உள்ளே போனேன். தெரிந்தே செய்தவள் என்ற பேரை நானே தேடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சரிசெய்யும் பேட்ச்சை நானே எழுத வேண்டும் என்றார்கள். எழுத என்ன இருக்கிறது, அதே ஏழுதான். ஆனால் விளக்கத்தில் உண்மையை எழுதினேன். இந்த மாற்றம் முதல் தொடரிலேயே இருந்தது, அனுப்புவதற்கு முன் டீம் லீட் சொன்னதால் நீக்கப்பட்டது என்று இரண்டு வரி. கெர்னலில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த விளக்கத்தை யாராலும் அழிக்க முடியாது. அந்த ஒரு திருப்தி போதும் என்றிருந்தது.

நம்பி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மக்களே, வீட்டு விஷயத்த ரோட்ல வச்சுப் பேசுவாங்களா? ஒலகம் பூராம் படிப்பாங்க. கம்பெனி பேரு என்னாகும்? சுஜாட்ட நான் பேசிட்டேன். இத மட்டும் நீட்டா முடிச்சிரு, பேப்பர் நகரும்."

என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அந்த மனுஷன் ஒரு விஷயத்தை எழுத்தில் போட்டதை அன்றுதான் பார்த்தேன். என் இரண்டு வரியை அழித்துவிட்டு, 'இது முற்றிலும் என்னுடைய கவனக்குறைவு' என்று ஆங்கிலத்தில் அடித்தார். என் கையெழுத்துக்கு மேலே இன்னொரு வரியைச் சேர்த்தார். பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவர்: அழகியநம்பி.

"அனுப்பு" என்றார்.

பேப்பர் நகரும் என்றாரே. அனுப்பினேன்.

இரண்டு நாளில், அந்தப் பகுதியைப் பராமரிக்கும் டென்மார்க்காரரிடமிருந்து பதில் வந்தது. தன் தவறை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறவர்களைப் பார்ப்பது அபூர்வம், நன்றி, சேர்த்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். பாவம், நல்ல மனுஷன். நம்பி அண்ணன் அதை ஆபீஸ் முழுக்க அனுப்பி, மேலே 'இதுதான் நம் டீமின் பண்பாடு' என்று எழுதினார். கறுப்புப் பட்டைகள் பத்தும் என் இருக்கையைச் சுற்றி நின்று கைதட்டின. நானும் சிரித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பானூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஏஜென்சியில் ஸ்ரீலட்சுமி என்று ஒரு பெண்.

"செல்வி, ஸாரி கேட்டோ. இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் தீருது. கம்பெனி ரினியூ பண்ணலை."

"காரணம் என்ன சொன்னாங்க?"

"குவாலிட்டி. நீங்க அனுப்புன ஒரு இமெயில் இணைச்சிருக்காங்க." பிறகு அவள் ஆங்கிலத்தில் வாசித்தாள். "'இது முற்றிலும் என்னுடைய கவனக்குறைவு.' நீங்களே எழுதிருக்கீங்களே."

நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே கையெழுத்து யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வது? "ஆமா" என்று சொல்லிப் போனை வைத்தேன். பஸ் பட்டம் ஜங்ஷனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, அதிலும் பாதி என்மேலேயே.

ஓட்டலுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். அப்பா இரவுச் சரக்குக்குத் தேங்காய் வதக்கிக்கொண்டிருந்தார். என் கழுத்தைப் பார்த்தார். நீலப் பட்டையைக்கூட நான் கழற்றியிருக்கவில்லை.

"என்னட்டி, பெர்மனெண்ட் ஆக்கிட்டாவளா?"

"இல்லப்பா. நிறுத்திட்டாங்க."

கரண்டி நின்றது. அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தப்பு ஒன் மேலயா?"

"அப்படித்தான் எழுதிருக்குப்பா" என்றேன்.

"யாரு எழுதுனா?" என்று கேட்டார் அப்பா.