கறுத்த ஏழு குப்பிகள்

1

நான் அடித்துவிட்ட ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. புனேயில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியல் பட்டறைகள் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு நான் அறிக்கை எழுதுகிறவன். காந்த மோட்டார், அட்டைப் பெரிஸ்கோப், வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதித் தருவேன். இந்த மார்ச்சில் தந்த ஆண்டறிக்கையில் "பதினொரு குப்பிகளில் ஏழு கறுத்தன" என்று ஒரு வரி இருந்தது. ஒருங்கிணைப்பாளர் முகுந்த் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு ஆனந்தவல்லியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருக்க

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

ஏப்ரலில், அந்தக் குப்பிகளைக் கொடுத்த பட்டறை ஆசிரியை ஃபேபியோலா, புனேயின் நிக்டி பகுதியிலுள்ள என் வீட்டுக்கு வந்து மீதியைச் சொன்னாள். முகுந்துக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் துணிச்சலில் தமிழில் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜூலை சனிக்கிழமை, ஏரவாடாவில்

(வேண்டாம். மழையில் தொடங்கினால் பழி மழை மேல் விழும்.)

இரண்டாவது: ஃபேபியோலா நல்லவள்.

(இதை அவளே அடித்துவிடுவாள்.)

மூன்றாவது. ஃபேபியோலாவுக்கு நாற்பத்தொரு வயது. திருநெல்வேலிக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயின் தாபோடி. பதினாறு வருடங்களாகப் பட்டறை ஆசிரியை. பரிசோதனை தோற்றால் "தோத்துருச்சு, ஏன்னு பாப்போம்" என்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

சென்ற ஜூலையில் ஏரவாடாவில் ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு அவள் குப்பிகள் கொடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொடி. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, மூடி, இரண்டு நாள் வைக்க வேண்டும். தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருந்தால் கறுக்கும். பதினொரு பிள்ளைகள் வாங்கிப் போனார்கள். திங்கட்கிழமை மேசையில் வரிசையாக வைத்தபோது ஏழு கறுத்திருந்தன. எல்லாவற்றையும்விடக் கறுத்தது வைஷுவினுடையது. பன்னிரண்டு வயதுப் பெண். வகுப்பில் இந்தி பேசுவாள், ஃபேபியோலாவிடம் மட்டும் தமிழ்.

"மிஸ், இதத்தான் தெனம் குடிக்கிறோமா?"

"இனிமே கொதிக்க வச்சுக் குடிங்க. அம்மாட்ட சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

வைஷு அன்றே வீட்டில் அடுப்பருகே காவல் நின்றாள். கொதி வந்தபின் இருபது எண்ணும்வரை அம்மாவை அடுப்பை அணைக்க விடவில்லையாம்.

3

ஃபேபியோலா முகுந்திடம் போனாள். முகுந்தை வில்லனாக எழுத முயன்றேன், வரவில்லை. கனிவாகப் பேசுகிறவர்.

"ஃபேபி, நாம லேப் இல்ல. இது விளையாட்டுக் கிட். ஏழு குப்பிய வச்சு ஒரு ஏரியாவையே பயமுறுத்த முடியுமா?"

"சரியான லேபுக்கு அனுப்புவோம். கார்ப்பரேஷன்ல ஒரு மனு குடுப்போம்."

"குடுத்தா அடுத்த வருஷம் எந்த ஸ்கூல் நம்மள உள்ள விடும்? நாப்பது ஸ்கூல். அத்தன பிள்ளைங்களோட சயின்ஸ் நின்னுபோகும்."

"பிள்ளைங்க கேப்பாங்க, முகுந்த்."

"பொடி பழசுன்னு சொல்லிடுங்க. சின்னப் பொய்தானே."

பதினாறு வருட வேலையும் நாற்பது பள்ளிகளும் அவள் கண் முன் வந்து நின்றன. பிள்ளைகள்தான் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்களே என்றும் ஒரு நினைப்பு. வாசலில் நின்று "சரி" என்றாள்.

4

அடுத்த சனிக்கிழமை உறிஞ்சுகுழல் ராக்கெட். பிள்ளைகள் குப்பிகளைப் பற்றிக் கேட்டார்கள். பொடி காலாவதியாகிவிட்டது, அதனால்தான் கறுத்தது என்று இந்தியில் சொன்னாள். யாரும் சந்தேகப்படவில்லை. அவள் சொன்ன எதையும் அவர்கள் சந்தேகப்பட்டதில்லை.

வகுப்பு முடிந்ததும் வைஷு பக்கத்தில் வந்தாள்.

"அப்போ எங்க தண்ணி நல்லதுதானா மிஸ்?"

"ம்."

"கொதிக்க வெக்க வேணாமா?"

இந்த இடத்தில் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். "வச்சா நல்லதுதான்" என்று எழுதிப் பார்த்தேன். இரண்டே சொல். ஃபேபியோலாவிடம் படித்துக் காட்டியபோது, "நான் அப்படிச் சொல்லல" என்றாள். அவள் சொன்னது இது:

"அது உங்க அம்மா இஷ்டம்."

5

அந்த அம்மா ஆனந்தவல்லி. விழுப்புரத்துக்காரி, ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை, ஜூலையில் ஐந்து மாதக் கர்ப்பம். செப்டம்பரில் கண் மஞ்சளானது. அதே சந்தில் இன்னும் மூன்று வீடுகளில் மஞ்சள் காமாலை. மற்றவர்கள் இரண்டு வாரம் படுத்து எழுந்துவிட்டார்கள். தண்ணீரில் பரவும் இந்தக் காமாலை நிறைமாதம் நெருங்கியவர்களை மட்டும் சும்மா விடாது என்று டாக்டர் சொன்னார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்காம் நாளிலிருந்து நினைவில்லை. ஆறாம் நாள் போய்விட்டாள்; வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை.*

தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னபோது ஃபேபியோலா வேறொரு பள்ளியில் பலூன்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். துக்கத்துக்குப் போகவில்லை. அந்தச் சந்தின் முனைவரை ஆட்டோவில் போய், அப்படியே திருப்பச் சொல்லிவிட்டாள்.

* கிருமி உள்ளே போய் நோயாக வெளிவர வாரங்கள் ஆகும். குப்பி கறுப்பதற்கு முன்பே குடித்த தண்ணீராகக்கூட இருக்கலாம். இதை ஆறுதலாகச் சொன்னேன். "இருக்கலாம்" என்றாள் ஃபேபியோலா. "அந்த 'லாம்'ல எத்தன நாள் தூங்க முடியும், சொல்லுங்க."

6

முதல் முடிவு: ஃபேபியோலா எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறாள், விசாரணை வருகிறது, குழாய் மாற்றப்படுகிறது. (நடக்கவில்லை. அந்தச் சந்தில் இன்றும் அதே குழாய்தான்.)

இரண்டாவது முடிவு: அவள் வேலையை விட்டுவிடுகிறாள். (விடவில்லை. விட்டால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டாள்.)

நடந்தது இதுதான். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வைஷு பட்டறைக்குத் திரும்பி வந்தாள். தலைமுடியை அவளே பின்னியிருந்தாள், வகிடு கோணலாக இருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் ஃபேபியோலா அவளை உட்கார வைத்தாள்.

"வைஷு, அன்னிக்கு அந்தப் பொடி நல்ல பொடிதான். தண்ணிதான் கெட்டது. நான் பொய் சொல்லிட்டேன்."

வைஷு அழவில்லை. கணக்குப் போடும்போது முகம் சுருங்குமே, அப்படிச் சுருங்கியது.

"கேஸ் தீந்துடும்னு அம்மா தெனம் கத்தும். நான்தான் விடாம கொதிக்க வெக்கச் சொல்வேன். அப்புறம் மிஸ்ஸே வேணாம்னுட்டாங்கன்னு நான்தான் போய் சொன்னேன்."

ஃபேபியோலாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நான்தானா மிஸ்?"

இதுவரைதான் ஃபேபியோலா என்னிடம் சொன்னாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று இரண்டு முறை கேட்டேன். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

நான் எழுதிப் பார்த்த பதில்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எல்லாமே என்னைத் தேற்றிக்கொள்ள எழுதியவை. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். "உன் மேல தப்பில்லம்மா" என்று சொல்லத்தான் எவருக்கும் வாய் வரும். சொன்னால், "அப்போ யார் மேல?" என்று உடனே கேட்பாள், கெட்டிக்காரப் பெண். அதற்கும் பதில் இருந்தால் மட்டும் வாயைத் திறங்கள்.