தாளாளர் சொன்ன நிலா

சேத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருஷமாகத் தற்காலிக ஆசிரியையாக மாரடித்த தேவகிருபைக்கு, ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். புருஷன் கிளாட்வின் அந்த ராஜபாளையம் பள்ளியில்தான் இயற்பியல் ஆசிரியர். பெண்டாட்டிக்கு மார்க் போடப் புருஷனை உட்கார வைக்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அந்தப் பள்ளிக்குக் கிடையாது. தாளாளர் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில், சட்டை மடிப்புக் கலையாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

தேவகிருபை நன்றாகத்தான் எடுத்தாள். பூமி நிலாவின் கிட்டத்துப் பக்கத்தை அதிகமாகவும் எட்டத்துப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசத்தில் நிலா நீண்டு பிதுங்கி, ஆதியில் தன்னைச் சுற்றிய வேகத்தில் பெரும்பகுதியை இழந்தது. வியாழனை ஒட்டிச் சுற்றும் அயோ என்ற நிலாவின் பாடு இன்னும் மோசம். இழுபட்டு இழுபட்டு உள்ளே உருகி எரிமலையாகக் கக்குகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு மாணவியைப் பூமியாக நடுவில் உட்காரவைத்து, அவளையே பார்த்தபடி தேவகிருபை சுற்றி வந்தாள்.

“என் முகம் நாலு சுவரையும் பாத்துச்சா? அப்ப நான் என்னையே ஒரு தடவை சுத்திட்டேன். நிலாவும் பூமியச் சுத்தி முடிக்கதுக்குள்ள தன்னையும் ஒரு தடவை சுத்திக்கிடும். அதான் ஒரே பக்கம் தெரியுது.”

தாளாளர் சிரித்தார். “ஏம்மா, தன்னையே சுத்துனா முதுகு தெரியணுமே? நிலா அப்படிச் சுத்தாதும்மா. என்ன கிளாட்வின், சரிதானே?”

தேவகிருபை புருஷனைப் பார்த்தாள். அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் வேலை இருந்தது. அடுத்த மாதம் தலைமை ஆசிரியர் பதவி காலியாகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“ஐயா சொல்றதுதான் சரி” என்றார் கிளாட்வின், மேசையைப் பார்த்துக்கொண்டு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “அடிப்படையே தெரியலையே” என்று தாளாளர் எழுந்துவிட்டார். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த மனுஷனுக்கா பதினோரு வருஷம் சோறு போட்டோம் என்றுதான் அவளுக்கு ஆறவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கிளாட்வின் மெல்ல வாயைத் திறந்தார். “நீ சொன்னதுதாட்டி சரி. எனக்குத் தெரியாதா? அவிய மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல?”

அவள் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் விடவில்லை.

“திங்கக்கிழமை எனக்கு அதே பாடந்தான். பிள்ளைக கேட்டா என்னன்னு சொல்லட்டும்?”

“நிலா சுத்தாதுன்னே சொல்லுங்க. அதுகளும் நாளைக்கு எவன் முன்னாலயாவது தலையாட்டிப் பிழைக்க வேண்டாமா?”